ஆயிரம் முகம் கொண்ட லான் சேனி

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முதுமொழி. அச்சிரசிலும் முகமே முதன்மையானது. அத்தகைய முகத்தைப் படத்துக்குப் படம் அழித்தழித்து எழுதி, கையையும் காலையும் கட்டி ஒடுக்கி, கோடானுகோடி மக்களைக் கலங்க வைத்து, தம் சொந்த முகத்தை மட்டும் பெரும்பாலும் மறைத்தே வாழ்ந்து மறைந்த ஒரு கலைஞரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டோம். அமெரிக்க நாட்டு ஊமைப்பட நடிகர் லான் சேனியே அவர்.

இரயில்வே எழுத்தராகிய நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். இரண்டு தொடர்புகள் உண்டு. ஒன்று, பெற்றோருக்கும் வெளியுலகுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்து வளர்ந்த பிள்ளை அவர். நம் குடியிருப்பில் அத்தகைய பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு. நாமும் அவ்வாறே வளர்ந்தோம். மற்றொன்று பெயர்ச்சீட்டு பற்றியது. அதனை இறுதியிற் கூறுவோம்.

இளமை

லான் சேனி 1883ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், கொலராடோ மாநிலத்துக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் மலையடிவார நகரில் பிறந்தார். தந்தையார் முடிதிருத்தும் தொழிலர். தாய் தந்தை இருவருமே செவிப்புலன் அற்றவர்கள். தாய்வழிப் பாட்டனார் 1874இல் அந்நகரில் செவிப்புலன் அற்றோர்க்கென ஒரு பள்ளியைத் தோற்றுவித்த பெருந்தகையாளர். அப்பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது.

வீட்டில் பேச்செல்லாம் கையாலும் கண்ணாலும் முகத்தாலுமே நிகழ்ந்தது. காது கேட்கும் பிள்ளைகள் வெளியே வாய்மொழியும் வீட்டினுள் கைம்மொழியுமாக இருமொழியாளராய் வளர்ந்தனர். சிறுவனுக்கு ஒன்பது பத்து வயதாகும்போது தாயார் முடக்குவாத நோயுற்றுப் படுக்கையில் விழுந்தார். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. தாயாருக்குப் பணிவிடை செய்வதே தொழிலாயிற்று. கடைத்தெருவுக்குப் போய் வரும் சிறுவன், அங்கே கண்ட வண்டிக்காரனையும் கடைக்காரனையும் வம்பளக்கும் அண்டை வீட்டாரையும் தாயாரின் கட்டிலருகே நின்று அப்படியே நடித்துக் காட்டுவான். வெளியுலகம் அவ்வன்னையாருக்கு மகனுடைய முகத்தின் வழியே வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் உலகம் வியந்த நடிப்புக்கலையை அவர் கற்ற பள்ளிக்கூடம் அந்தக் கட்டிலடியே. அவருடைய முதல் இரசிகர் கைதட்டவும் இயலாத ஒரு நோயாளித் தாய்.

நாமும் ஏழெட்டு வயதில் நம் அன்னையாருக்கும் காய்கறி வண்டிக்காரருக்கும் இடையே நின்று பேரம் பேசியதுண்டு. அன்னையார் சினந்து சொன்னதை வண்டிக்காரரிடம் சற்றுத் தணித்துச் சொல்வோம். வண்டிக்காரர் எள்ளியதை அன்னையாரிடம் சொல்லாமலே விட்டுவிடுவோம். இரு தரப்பார் முகத்தையும் மாறி மாறி உற்று நோக்கும் பழக்கம் அப்படி வந்ததே. எனவே, சேனியின் இளமையை எண்ணுந்தோறும் அது அயல்நாட்டுக் கதையாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

நாடக வாழ்வு

நகரின் நாடக அரங்கில் தட்டுமுட்டுச் சாமான் எடுத்து வைக்கும் பையனாகச் சேர்ந்த சேனி, 1902இல் தமையனாருடன் மேடையேறினார். பின் ஊர் ஊராகச் செல்லும் இசைநாடகக் குழுக்களோடு இணைந்து, ஆடினார், நகைச்சுவை வேடம் கட்டினார், திரை இழுத்தார், உடை தைத்தார், பல இரவுகள் பசித்துமிருந்தார். கிளீவா கிரைட்டன் என்னும் பாடகியை மணந்தார். 1906இல் கிரைட்டன் என்ற மகன் பிறந்தான்.

இல்வாழ்வு இனிதாக அமையவில்லை. 1913ஆம் ஆண்டு, கணவர் பணிபுரிந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நாடகக் கொட்டகைக்கே வந்து அவ்வம்மையார் நஞ்சருந்தினார். உயிர் தப்பியது, பாடும் குரல் போயிற்று. மணமுறிவு நேர்ந்தது. வீண்பேச்சுக்கு இடமான நடிகரை நாடக உலகம் ஒதுக்கியது. பின்னர் 1915இல் ஹேசல் என்னும் அம்மையாரை மணந்து நல்லறம் நடத்தினார் சேனி. எனினும், பெற்ற தாய் இறந்துவிட்டதாக மகன் நம்பும்படியே வளர்த்தது அவர் வாழ்வில் ஒரு மாசு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. புகழுக்குரியவர் வரலாறு எழுதுவோர் குறைகளை விழுங்கிவிட்டால், நிறைகளையும் எவரும் நம்பமாட்டார்.

படவுலகில்

மேடை கைவிட்டபோது கைகொடுத்தது புதிதாகப் பிறந்திருந்த படத்தொழில். யூனிவர்சல் நிறுவனத்தில் துணை நடிகராகச் சேர்ந்தார். அக்காலத்தில் துணை நடிகர்கள் காலையில் வரிசையில் நிற்பர். தேவையான முகத்தை இயக்குநர் பொறுக்கிக்கொள்வார். சேனி தம்முடன் ஓர் ஒப்பனைப் பெட்டியைக் கொண்டுவந்தார். சீனக் கிழவர் வேண்டுமா, கடற்கொள்ளையர் வேண்டுமா, கேட்ட முகத்தைச் சிறிது நேரத்திற்குள் தாமே வரைந்துகொண்டு நிற்பார். அவ்வாறு ஐந்தாண்டுகள் உழைத்தபின் ஊதிய உயர்வு கேட்டபோது, வாரம் நூறு டாலருக்கு மேற்பட்ட மதிப்பு அவருக்கு ஒருநாளும் வாராதென்று மேலாளர் ஒருவர் கூறியதாக வரலாறு. சேனி வணங்கிவிட்டு வெளியேறினார். மாத ஊதியத்தில் வாழும் நம் போன்றோர்க்கு அத்துணிவு எளிதில் வருவதன்று.

1919இல் வெளிவந்த 'அற்புத மனிதர்' என்னும் பொருள்படும் படத்தில், முடவனாக நடித்து ஏமாற்றும் ஒரு திருடனின் வேடம் கிடைத்தது. கைகால் முறுக்கேறி ஊர்ந்து வந்து, அற்புதம் நிகழ்ந்தாற்போல் ஒவ்வொரு மூட்டாக நிமிர்ந்தெழும் அக்காட்சி அவரை ஒரே நாளில் உயர்த்தியது. மறு ஆண்டில் வந்த 'தண்டனை' என்னும் படத்தில், பிள்ளைப் பருவத்தில் மருத்துவரின் பிழையால் இரு கால்களையும் இழந்து, வளர்ந்தபின் சான் பிரான்சிஸ்கோ நகரத் திருடர் கூட்டத்துக்குத் தலைவனாகும் வேடம். கால்களை முழங்காலில் மடக்கிப் பின்புறம் வாரால் இறுகக் கட்டி, முழங்கால்களைத் தோற்குப்பிகளில் செருகி அவற்றின்மீதே நடந்தார். ஒரு தடவைக்குச் சில நிமிடங்களுக்கு மேல் அக்கட்டைத் தாங்க இயலாது. அவிழ்த்துக் குருதி ஓடவிட்டுப் பின் மீண்டும் கட்டுவர்.

1923இல் 'நாட்டர்டாம் கூனன்', 1925இல் 'இசையரங்கின் ஆவியுரு' என்பவை அவரை உலகறியச் செய்தன. கூனன் கோயில் மணியடித்தே செவிடான பாத்திரம். செவிப்புலன் அற்றோர் மடியில் வளர்ந்த மகன் அதில் நடித்தபோது வெறும் கோரத்தைக் காட்டவில்லை. உலகம் நகைக்கும் உருவத்தினுள் உலகம் கேட்க மறுக்கும் ஓர் இதயம் இருப்பதைக் காட்டினார். இது அவர் படங்கள் யாவற்றிலும் ஓடும் ஒரே நூல் எனலாம்.

அறியப்படாதவன்

டாட் பிரவுனிங் என்னும் இயக்குநர் இளமையில் வீட்டை விட்டோடிச் சர்க்கஸ் கூட்டத்தாருடன் திரிந்தவர். அவரும் சேனியும் பத்துப் படங்களில் இணைந்தனர். அவற்றுள் தலைசிறந்தது 1927ஆம் ஆண்டு மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் வெளியிட்ட 'அறியப்படாதவன்' என்னும் பொருள்படும் குற்றக்கதைப் படமாகும்.

கதை இது. ஸ்பெயின் நாட்டுச் சர்க்கஸ் ஒன்றில் கையற்ற அலான்ஸோ, கால் விரல்களால் கத்தி வீசி வித்தை காட்டுகிறான். உண்மையில் அவனுக்குக் கைகள் உண்டு. காவலர் தேடும் குற்றவாளியாதலின், இடக்கையிலுள்ள இரட்டைப் பெருவிரல் காட்டிக்கொடுக்காதிருக்க, இரு கைகளையும் கச்சையால் உடலோடு இறுக்கி மறைத்திருக்கிறான். சர்க்கஸ் முதலாளியின் மகள் நானன். ஆடவரின் கை தன்மேல் படுவதே அவளுக்கு அருவருப்பு. கையற்றவன் என நம்பி அலான்ஸோவிடம் மட்டும் அச்சமின்றிப் பழகுகிறாள். அவனோ அவளிடம் உள்ளத்தைப் பறிகொடுக்கிறான். ஓரிரவு அவள் தந்தையை அவன் கழுத்தை நெரித்துக் கொல்ல, முகம் தெரியாத கொலைகாரனின் இரட்டைப் பெருவிரலை நானன் கண்டுவிடுகிறாள். இனி வேறு வழியில்லை எனத் துணிந்த அலான்ஸோ, மருத்துவர் ஒருவரை மிரட்டித் தன் இரு கைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, அவளை மணக்கும் ஆசையோடு திரும்புகிறான். இடைப்பட்ட நாட்களில் அச்சம் நீங்கிய நானன், பலசாலி வீரன் ஒருவனைக் காதலித்து, அவன் கைகளைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்!

அச்செய்தியைக் கேட்கும் நொடியில் சேனி நடித்த காட்சியே படத்தின் உயிர். மகிழ்ச்சியாகத் தொடங்கும் சிரிப்பு, பிடிவாதச் சிரிப்பாகி, பேய்ச்சிரிப்பாகி, அழுகையாக உடைகிறது. ஒரு சொல் இல்லை. அசைக்கக் கைகளும் இல்லை. இருப்பது முகம் ஒன்றே. கட்டிலடியில் தாயார்க்குக் கதை சொன்ன அதே முகம். முடிவில் பழிவாங்க முயன்று, மிரண்ட குதிரையிடமிருந்து நானனைக் காக்கப் பாய்ந்து, அதன் குளம்படியில் மடிகிறான் அலான்ஸோ.

காலால் சிகரெட் பிடிப்பது முதலான காட்சிகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதும் அறியத்தக்கது. பால் டெஸ்மியூக் என்னும் உண்மையாகவே கைகளற்ற ஒருவர், படச்சட்டத்துக்கு அப்பால் மறைந்திருந்து தம் கால்களை நீட்டுவார். முகமும் உடலும் சேனியுடையவை, கால்கள் டெஸ்மியூக்குடையவை. இருவர் உடல் ஒருவராய்த் தோன்ற வேண்டுமாயின், முகத்தின் எண்ணமும் விரலின் அசைவும் நூலிழை பிசகாது ஒத்தியங்க வேண்டுமன்றோ! நானனாக நடித்த ஜோன் கிராபோர்டு அப்போது இளம் நடிகை. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அவ்வம்மையார், படப்பெட்டிமுன் நிற்பதற்கும் நடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சேனியைப் பார்த்தே கற்றதாக நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

இரயிலோட்டியும் இறுதிக் காலமும்

சேனி விருந்துகளையும் விழாக்களையும் நாடாதவர். படம் முடிந்தால் மனைவியாருடன் சியரா மலைக்கு மீன்பிடிக்கச் சென்றுவிடுவார். ஒப்பனைக் கலையை மட்டும் மறைத்து வைத்தாரல்லர். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 1929ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்கலை பற்றிய கட்டுரையை அவரே எழுதினார். நான்காம் வகுப்போடு நின்றவர் கலைக்களஞ்சியத்துக்கு எழுதினார் என்பதை நம் சிறார் மனத்தில் கொள்வாராக. அவருடைய ஒப்பனைப் பெட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்துள்ளது.

1929இல் 'இடி' என்னும் பொருள்படும் படத்தில் அவர் நீராவி எஞ்சின் ஓட்டும் முதியவராக நடித்தார். வண்டி குறித்த நேரத்தில் சென்றடைவதே உயிரெனக் கொண்ட பாத்திரம். இரயில்வே ஊழியர் பலர் வாழும் நம் குடியிருப்பில் இதனை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய முதியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கொட்டும் பனியில் படமெடுக்கையில் சேனி கடுஞ்சளியுற்று நலிந்தார். அதன்பின் உடல் முழுமையாகத் தேறவேயில்லை.

அதற்குள் பேசும்படம் வந்துவிட்டது. நெடுநாள் தயங்கியபின் 1930இல் 'புனிதமற்ற மூவர்' என்னும் தம் பழைய படத்தின் பேசும் வடிவில் நடித்தார். கிழவி, கிளி, பொம்மை என ஐந்து குரல்களில் பேசி, அனைத்தும் தம் குரலே என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமும் இட்டார். ஆயிரம் முகத்தவர் ஆயிரம் குரலும் கொள்வார் என உலகம் எதிர்நோக்கியது. விதியோ வேறாயிற்று. சுவாசக் குழலில் புற்றுநோய் பற்றியிருந்தது. தொண்டை அடைத்துப் பேச்சற்ற இறுதி நாட்களில், குழந்தைப் பருவத்துக் கைம்மொழியிலேயே சுற்றத்தாரோடு பேசினார் என்பர். பேசும்படத்தில் குரல் கொடுத்த அவ்வாண்டே, ஆகஸ்டு 26ஆம் நாள், 47ஆம் வயதில் காலமானார். கல்லறையில் பெயர் பொறிக்கப்படவில்லை.

அழிந்ததும் மீண்டதும்

மனிதர் மறைந்தாலும் படம் வாழும் என்று எண்ணுகிறோம். படமும் மாயும். அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணைக்க இயலாது, தீப்பற்றாவிடினும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகும். பேசும்படம் வந்தபின் ஊமைப் படங்களால் வருவாய் இல்லை என்று பல சுருள்களை வெள்ளிக்காக உருக்கினர். பலவற்றைக் கவனியாது விட்டனர். அமெரிக்காவில் எடுக்கப்பட்ட முழுநீள ஊமைப் படங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 அடியோடு அழிந்தன என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. சேனியின் படங்களுள்ளும் பெரும்பாலானவை இன்றில்லை. 'அற்புத மனிதர்' சில நிமிடத் துணுக்குகளாகவும், 'இடி' சிறு துண்டுகளாகவுமே எஞ்சியுள்ளன. நம் நாட்டு ஊமைப் படங்களின் கதியும் இதனினும் மேலன்று. 1964இல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றுமுன் பெரும்பகுதி மண்ணாகிவிட்டது.

'அறியப்படாதவன்' படமும் நெடுங்காலம் இழந்ததாகவே கருதப்பட்டது. வீட்டில் காட்டும் சிறு சுருளில் மங்கலான படிகளே உலவின. 1968இல் பாரிஸ் நகரத்துச் சினிமாத்தேக் பிரான்சேஸ் என்னும் காப்பகத்தில் நல்ல படியொன்று அகப்பட்டது. அது எங்கும் புதைந்து கிடக்கவில்லை. அக்காப்பகத்தின் அடுக்குகளிலேயே இருந்தது. ஏன் தெரியவில்லை? படத்தின் பெயரே 'அறியப்படாதவன்'. காப்பகத்திலோ எதுவென்று தெரியாத படங்களின் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றின்மீதும் 'அறியப்படாதது' என்றே எழுதியிருந்தனர். பெயர்ச்சீட்டைப் பார்த்தவர் யாவரும் இதுவும் இன்னதென்று தெரியாத ஒன்று போலும் எனக் கடந்து சென்றனர்! இதனைப் பின்னாளில் காப்பகத் துறையினர் சொல்லிச் சிரித்தனர் என்பர். பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு இது வெறும் நகைச்சுவையாகப் படவில்லை. உரியவர் பெயர் இல்லாத மூட்டை எத்துணை விலையுயர்ந்ததாயினும் கேட்பாரற்ற மூட்டையே.

அப்படியிலும் சுமார் பத்து நிமிடக் காட்சிகள் குறைந்திருந்தன. செக் நாட்டுக் காப்பகத்திலிருந்த வேறொரு படியில் அவை கிடைத்தன. அமெரிக்காவிலுள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்தார் இரண்டையும் இணைத்து 2022இல் படத்தை ஏறக்குறைய முழுமையாக மீட்டனர். ஒருவர் முகம் ஓரூரிலும் மறுபாதி வேறூரிலும் கிடந்து, 95 ஆண்டுகளுக்குப்பின் ஒன்றுகூடியது.

நாம் கொள்ளத்தக்கது

நம் சங்கத்தின் இரும்பு அலமாரியில் பழைய ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. ஆண்டு விழாக்களில் நம் பெரியோர் நடித்த நாடகங்களும் பாடிய பாடல்களும் அவற்றில் உள்ளன. பாதிக்கு மேல் பெயரெழுதப்படவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அலமாரியை ஒழுங்கு செய்யும் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டபோது, நாமும் சோம்பலால் 'பல்வகை' என்று ஒரு சீட்டை ஒட்டி மூடினோம். காலஞ்சென்ற நம் தந்தையார் ஒரு நாடகத்தில் கிழவராக வேடமிட்டுப் பேசினார். அக்குரல் அப்பெட்டியில் இருத்தல் வேண்டும். எந்த நாடாவில் என்று இன்று அறியோம். அவருடன் நடித்தோருள் இருவரே நம்மிடையே உள்ளனர். கேட்டால் அடையாளம் சொல்லக் கூடியவர் அவர்கள் மட்டுமே.

ஆதலின் அன்பர்களை வேண்டுவது ஒன்று. வரும் ஞாயிறுதோறும் மாலையில் அப்பெட்டியைத் திறந்து அமர எண்ணியுள்ளோம். நாடா இயக்கும் பழைய கருவி வைத்திருப்போர் கொணர்க. பெரியோர் வந்து குரல்களை அறிந்து சொல்க. இளைஞர் அவற்றைப் புதிய கருவிகளில் படியெடுத்துத் தருக. சிறுவர் சிறுமியர் அழகிய கையெழுத்தில் பெயர்ச்சீட்டு எழுதுக. லான் சேனி தம் அன்னையார்க்கு வெளியுலகைக் கொண்டுவந்து காட்டினார். நாம் நம் பிள்ளைகளுக்கு நம் அன்னையர் தந்தையர் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெட்டியின்மேல் நாம் ஒட்டிய 'பல்வகை' என்னும் சீட்டை முதல் ஞாயிறன்று நாமே கிழிப்போம்.